டிராவல் ஷேவிங் பிரஷ் செட் வாங்கி 4,800 போச்சு: டியூபில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் வாங்கிய டிராவல் ஷேவிங் செட்டால் 4,800 போய்விட்டது. பணம் திரும்ப வராது என்று இன்று காலைதான் கடைசிப் பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பயணத்தில் பிரஷ் கெடாமல் இருக்க டியூப் எப்படி இருக்க வேண்டும், எதையெல்லாம் சோதித்து வாங்க வேண்டும் என்று கடைசியில் முழுசாகச் சொல்கிறேன். முதலில் இவர்கள் செய்ததைப் படியுங்கள்.

செட்டில் இரண்டு பொருள். ஒன்று ‘சில்வர்டிப் பேட்ஜர்’ என்று போட்டிருந்த பிரஷ். பேட்ஜர் என்கிற விலங்கின் முடியில் உயர்ந்த ரகம் அது, நுனி வெள்ளையாகவும் அதற்குக் கீழே கறுப்புப் பட்டையாகவும் இருக்கும். முடிக்கட்டின் அடி விட்டம் 24 மி.மீ., கைப்பிடிக்கு மேல் முடியின் உயரம் 52 மி.மீ. இன்னொன்று அதை வைக்கிற அலுமினிய டியூப். மரை போட்ட மூடி, மேலும் கீழும் காற்றுத் துளை என்று விளம்பரத்தில் இருந்தது. இரண்டும் சேர்த்து 4,800.

24 மி.மீ. என்பது முடி கைப்பிடிக்குள் ஒட்டப்பட்டிருக்கும் இடத்தின் அளவு. அங்கிருந்து முடி விரிந்துகொண்டே மேலே போகும். நாலைந்து முறை நனைந்து காய்ந்த பிறகு நுனிப்பக்கம் 40 மி.மீ. அளவுக்கு விரிவது சாதாரணம். டியூபின் உள்விட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் ஓரத்து முடி மடங்கிக் கிடக்கும். ஈரத்தோடு மடங்கி அப்படியே காய்ந்த முடி, பிறகு நிமிர்வது கஷ்டம். அதனால் பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் சேட்டில் கேட்டது இரண்டே கேள்வி: டியூபின் உள்விட்டம் எவ்வளவு? துளைகள் உள்ளிருந்து வெளியே வரை முழுசாகத் திறந்திருக்கின்றனவா?

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘உள்ளே 40 மி.மீ. சார், அளந்தே காட்டுகிறேன்’ என்று டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரோடு ஒரு படம். திரையில் 40.1. துளைகளை நெருக்கத்தில் எடுத்த இன்னொரு படம். ‘நாங்களே பிரஷ் உபயோகிக்கிறவர்கள் சார், நம்பி வாங்குங்கள்’ என்று ஒரு வரி வேறு. கேட்ட உடனே காலிப்பரை எடுத்து அளந்து காட்டுகிற விற்பனையாளர் எத்தனை பேர்? நம்பிக்கை வந்தது அந்தப் படத்தில்தான். ஏமாற்றியதும் அதே படத்தை வைத்துத்தான்.

காலிப்பரில் இரண்டு ஜோடி தாடை உண்டு. கீழே இருக்கும் பெரிய ஜோடி வெளிவிட்டத்துக்கு, மேலே இருக்கும் சின்ன ஜோடி உள்விட்டத்துக்கு. அவர்கள் அனுப்பிய படத்தில் திரையும் டியூபின் ஓரமும் மட்டும்தான் தெரிகிறது. தாடை இருக்கும் பகுதி வெட்டப்பட்டிருக்கிறது. 40.1 என்பது வெளிவிட்டம். டியூபின் சுவர் 1.5 மி.மீ. தடிமன். உள்ளே ‘பாதுகாப்புக்காக’ ஒட்டிய ஸ்பாஞ்ச் 2.5 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் பிரஷ்ஷுக்கு மிஞ்சுவது 32 மி.மீ. சொச்சம். 40 மி.மீ. விரிகிற முடிக்கு 32 மி.மீ. குழாய்!

துளை விஷயம் இதைவிட மோசம். மூடியில் ஆறு, அடியில் ஆறு என்று வட்டமாக இருப்பவை துளையே இல்லை. உலோகத்தில் அரை மி.மீ. ஆழத்துக்குக் குழி போட்டு, உள்ளே கறுப்புச் சாயம் தடவியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் துளை மாதிரியே தெரியும். ஊசியால் குத்தினால் ஊசிதான் வளைகிறது. போதாக்குறைக்கு மூடியின் மரைக்கு அடியில் ரப்பர் வளையம். காற்று ஒரு துளி போக வழியில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு அது நல்லது. ஈரப் பிரஷ்ஷுக்கு எமன்.

ஏன் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேட்ஜர் முடி, இழைகளுக்கு நடுவே தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொள்ளும். பன்றி முடி தண்டுக்குள்ளேயே தண்ணீரை உறிஞ்சும். செயற்கை இழை உறிஞ்சாது, அதனால் சீக்கிரம் காயும். எதுவானாலும் முதலில் காய்வது நுனிதான். நுனியைத் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் நனைந்தே கிடக்கும். இயற்கை முடி அடிவரை காயக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அலசியும் போகாத சோப்பு மிச்சமும் அதே அடிப்பகுதியில்தான் தங்கும். ஈரம், சோப்புக் கொழுப்பு, இருட்டு, காற்றில்லாத இடம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காற்றுத் துளை இருந்தால் பைக்குள் இருக்கும்போதும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். டிராவல் டியூபின் வேலையில் பாதி அதுதான்.

பிரஷ்ஷுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்துதான் டியூபில் போனது. வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை நிற்கும்வரை அலசி, முடியை முறுக்காமல் அடியிலிருந்து நுனிவரை விரலால் பிழிந்து, நாலு உதறு உதறி, உலர்ந்த துண்டில் முன்னும் பின்னும் துடைத்து, கைப்பிடிப் பக்கம் முதலில் இறங்கும்படி வைத்தது. நுனியை முதலில் தள்ளினால் முடி பின்பக்கமாக மடிந்து அடியில் ஒடியும், அதற்காகத்தான் அப்படி. ஊர் போய் மூடியைத் திறந்தபோது அழுகின துணி வாடை. முடிக்கட்டின் அடியில் சாம்பல் நிறப் படலம். ஓரத்து முடியெல்லாம் உள்பக்கமாகக் கொக்கி போட்டு நிற்கிறது. மூடியின் மரையில் மாட்டிக்கொண்ட முடி கத்தரித்த மாதிரி அறுந்து போயிருக்கிறது.

அதோடு முடியவில்லை. ஸ்பாஞ்ச் வெள்ளை நிறம். நுனியிலிருந்து ஒரு விரற்கடை கீழே, முடியில் கறுப்புப் பட்டை படுகிற இடத்துக்கு நேராக, சுற்றிலும் பழுப்புக் கறை. பேட்ஜர் முடியின் கறுப்புப் பட்டை இயற்கை நிறம், தண்ணீரில் ஒட்டாது. இது சாயம். ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்தினால் மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு பொடிந்து உதிர்கிறது, ஆகவே நைலான் இல்லை. நைலான் என்றால் உருகி மணியாகத் திரண்டிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்து நிற்கிறது. பன்றி முடியின் குணம் அது. பேட்ஜர் முடி நடுவில் தடித்து நுனியில் மெலிந்து முடியும். பன்றி முடியை வெளுத்து, பட்டை போட்டு, சில்வர்டிப் என்று விற்றிருக்கிறார்கள். பன்றி முடியில் நல்ல பிரஷ் எத்தனையோ உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. பன்றி முடி என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்க வேண்டியதுதானே?

இந்தப் பித்தலாட்டம் புதிதும் இல்லை. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி கிடைக்காமல், குதிரை முடியைப் பேட்ஜர் மாதிரி ஆக்கிப் பிரஷ் செய்தார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்து உயிர்கள் போயின. முகத்தில் தேய்க்கிற பொருளில் என்ன முடி என்பதை மறைப்பது சின்னத் தப்பு இல்லை.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் பதில்: ‘பிரஷ்ஷை முழுசாகக் காய வைத்துத்தான் டியூபில் போட வேண்டும் சார்.’ காலையில் சவரம் செய்துவிட்டு ஒன்பது மணிக்கு ரயில் ஏறுகிறவன், ஒரு நாள் காத்திருந்து காய வைக்க முடிந்தால் டிராவல் டியூப் எதற்கு? இரண்டாவது: ‘இயற்கை முடி என்றால் வாடை வரத்தான் செய்யும்.’ புதுப் பிரஷ்ஷின் மிருக வாடை வேறு, நாலைந்து தடவை நுரை கட்டினால் போய்விடும். பூஞ்சை வாடை வேறு. மூன்றாவது: ‘துளை டிசைனுக்காக வைத்தது சார்.’ துளை திறந்திருக்கிறது என்று அவர்களே எழுதிய சேட்டைத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

விற்பனைத் தளத்திடம் போனால், பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்கிறார்கள். குழியா துளையா என்று வீடியோவில் எப்படித் தெரியும்? பிறகு, ‘தனிநபர் சுகாதாரப் பொருள், உபயோகித்துவிட்டால் ரிட்டர்ன் இல்லை.’ டியூபை யாரும் முகத்தில் தேய்க்கவில்லை, டியூபுக்காவது பணம் கொடுங்கள் என்றால், ‘செட்டாக வாங்கியதைப் பிரிக்க முடியாது.’ புகார் தீர்க்கப்பட்டது என்று அவர்களே மூடினார்கள். மறுபடி திறந்தால் வேறொருவர் வந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கடைசியில் அடுத்த முறை வாங்க 300 தள்ளுபடிக் கூப்பன். 4,800 போன இடத்தில் 300 கூப்பன், அதுவும் இன்னும் வாங்கினால்தான்! அந்த விற்பனையாளர் இன்றைக்கும் அதே காலிப்பர் படத்தோடு அதே செட்டை விற்றுக்கொண்டிருக்கிறார்.

முழுசாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். உள்விட்டம் என்று யாராவது படம் அனுப்பினால் காலிப்பரின் தாடை படத்தில் தெரிய வேண்டும். உள்ளே ஸ்பாஞ்ச், வெல்வெட் ஒட்டிய டியூப் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் வளையம் போட்ட மூடி வேண்டாம். மூடும்போது முடி நுனிக்கும் மூடிக்கும் நடுவே அரை சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், திருகும் முன் மரையில் முடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி பயணம் போகிறவர்களுக்குச் செயற்கை இழைப் பிரஷ்தான் நல்லது. நல்ல பேட்ஜரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இப்போதைக்கு டியூப் இல்லை என்றால், வாயகலமான மாத்திரை டப்பாவின் அடியிலும் மூடியிலும் 3 மி.மீ. துளை நாலைந்து போட்டுப் பிசிரைத் தேய்த்துவிட்டால் போதும். போய்ச் சேர்ந்ததும் பிரஷ்ஷை வெளியே எடுத்து நிறுத்திவிட வேண்டும்.

பார்சல் வந்ததும் பிரஷ்ஷை நனைக்காதீர்கள், நனைத்தால் ‘உபயோகித்தது’ என்று சொல்லிவிடுவார்கள். முதலில் காலி டியூபை இறுக்க மூடி, அடித்துளை மேல் வாயை வைத்து ஊதுங்கள். மூடிப் பக்கம் கையில் காற்று படவில்லை என்றால் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள், ஊதுவதை வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.