குழந்தைக்குக் கதை: தூலிகாவா, ஸ்டோரிவீவரா?

படக்கதையில் வரும் பிள்ளை நம் பிள்ளையின் நிறத்தில், நம் தெருவைப் போன்ற ஒரு தெருவில் இருக்க வேண்டும் என்று தேடுகிறீர்களா? அச்சுப் புத்தகம் வாங்குவதா, இணையத்தில் படிப்பதா என்ற குழப்பம் வரும்.

செலவு: சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளம் இலவசம்.

எவ்வளவு நாள் உழைக்கும்: அச்சுப் புத்தகம் தம்பி தங்கைக்கும் வரும். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் படத்தில் விரலை வைத்து, "இது நான்" என்றாள் என் மகள். சாப்பிட்ட கையின் மஞ்சள் கறை அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. திரையில் துடைத்தால் போய்விடும்.

எத்தனை விதமான பிள்ளைகள்: இதில் ஸ்டோரிவீவர்தான் மேல். 300-க்கும் மேற்பட்ட மொழிகள். சந்தாலி பேசும் பிள்ளைக்கும் கதை உண்டு. பிடித்ததை நாமே மொழிபெயர்த்தும் போடலாம். தரம் மட்டும் கூடக் குறைய இருக்கும், முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது? இரவில் மடியில் வைத்துப் படிக்க அச்சுப் புத்தகம். நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு ஸ்டோரிவீவர்.