பப்எம்எல்எஸ்டி: சூடோமோனாஸ் வேலைக்கு யூஸ் பண்ணி பாத்ததுல

சூடோமோனாஸ் ஏருஜினோசா மண்ணுல, தண்ணில, சிங்க் பைப்புக்குள்ளன்னு அதுபாட்டுக்கு கிடக்குற பாக்டீரியா, ஆனா தீக்காயம் பட்டவங்க, வென்டிலேட்டர்ல இருக்குறவங்க, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல்ல கெட்டி சளி தேங்குற பரம்பரை நோய்) இருக்குறவங்கன்னு யாராவது கிடைச்சா படாதபாடு படுத்திரும். சிங்க்ல எடுத்ததும் சளில எடுத்ததும் ஒரே வம்சமான்னு பாக்க நான் முதல்ல திறக்குறது, பாக்டீரியாவ ஜீன வச்சு வகை பிரிச்சு நம்பர் குடுக்குற பப்எம்எல்எஸ்டி சைட்டதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருந்து நடத்துறாங்க, காசு கிடையாது.

அசெம்பிள் பண்ண ஜீனோம் ஃபைல (துண்டு துண்டா படிச்ச டிஎன்ஏவ கோத்து எடுத்தது) போட்டா போதும், 7 ஜீன தேடி எடுத்து ஒவ்வொண்ணுக்கும் அல்லீல் நம்பர் (அந்த ஜீனோட எந்த வடிவம்னு) குடுத்து, அந்த ஏழும் சேந்தா என்ன எஸ்டின்னு (சீக்வென்ஸ் டைப், வம்சத்தோட நம்பர்) சொல்லிரும். இதோட அருமை என்னன்னா நம்பர் எல்லாருக்கும் பொது, நான் எஸ்டி 235னு சொன்னா உலகத்துல எந்த லேப்ல இருக்குறவங்களுக்கும் அது மருந்துக்கு அடங்காம பல நாட்டுல பரவியிருக்குற க்ளோன்னு உடனே புரியும். லேப்ல எல்லாரும் வளக்குற பிஏஓ1ங்குற ரகம் வந்து எஸ்டி 549, பிஏ14ங்குற ரகம் வந்து 253.

ஆனா இத மட்டும் நம்பி முடிவு எழுதிராதீங்க. 7 ஜீன்லயும் சேத்து பாக்குறது வெறும் 2,882 டிஎன்ஏ எழுத்து, முழு ஜீனோம் 60 லட்சத்துக்கும் மேல. எஸ்டி ஒண்ணா இருந்தாலும் நுரையீரல்ல வருஷக்கணக்கா குடியிருந்தது மியூக்ஏங்குற ஜீன் கெட்டுப்போய் கொழகொழன்னு வளரும், லாஸ்ஆர்ங்குற ஜீனும் கெட்டுப்போயிருக்கும், புதுசா வந்தது அப்படி இருக்காது, இந்த வித்தியாசம் எதுவும் அந்த நம்பர்ல தெரியாது.

இன்னொரு சிக்கல் இருக்கு, இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அந்த ஏழுல ஒண்ணு மியூட்எல், டிஎன்ஏ காப்பி ஆகுறப்ப வர்ற தப்ப சரிபண்ற ஜீன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரல்ல இதே ஜீன் கெட்டுப்போய் ஹைப்பர்மியூட்டேட்டர் (டிஎன்ஏ மாத்தம் ரொம்ப வேகமா சேருற பாக்டீரியா) ஆகுறதும் உண்டு, அந்த மாத்தம் சைட் பாக்குற துண்டுக்குள்ளயே விழுந்துட்டா ஒரே ஆள்கிட்ட எடுத்த ஒரே வம்சத்துக்கு ரெண்டு எஸ்டி வரும், புது பாக்டீரியா தொத்திருச்சோன்னு நாம தேடிட்டு இருப்போம். இது சைட்டோட தப்பு இல்ல, முறைலயே இருக்குற ஓட்டை.

5க்கு 4 தாராளமா குடுப்பேன். ஆறு நம்பர் ஒத்துப்போய் மியூட்எல் மட்டும் தனியா நின்னா முழு ஜீனோம் எஸ்என்பி (ஒத்தை எழுத்து வித்தியாசம்) கம்பேர் பண்ணாம ரிப்போர்ட்ல கைவைக்காதீங்க.