சித்தி வீடா, லொட்ஜா?

கனடாக் கடவுச்சீட்டோடு யாழ்ப்பாணம் போகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வருகிற தலையிடி இது. 30 நாள் விசாவில் நான் சுற்றுலாப் பயணி. ஐ.நா. கணக்கிலும் அப்படித்தான்: வேறு நாட்டில் குறைந்தது ஓர் இரவு, ஆனால் ஓர் ஆண்டுக்குக் குறைவாகத் தங்கினால், சொந்தக்காரரைப் பார்க்க வந்தவரும் சுற்றுலாப் பயணியே. அரியாலையில் இருக்கும் சித்தியிடம் இதைச் சொன்னால் ஏச்சுத்தான் விழும்.

முதல் தடவை சித்தி வீட்டில் தங்கினேன். செலவில்லை என்பது தப்புக் கணக்கு; சொக்லேட், உடுப்பு, சென்ட் என்று சுமந்து போன பெட்டியின் காசுக்கு ஒரு கிழமை நல்ல அறையில் இருந்திருக்கலாம். ஆனால் ஒடியல் மாவும் நண்டும் மீனும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பிலாவிலையில் அள்ளிக் குடிக்கிற சுகம் எந்த ஹோட்டலில் கிடைக்கும்? நேரம்தான் நம் கையில் இல்லை. "எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்?" என்று கேட்ட ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மத்தியானச் சாப்பாடு. நான் பார்க்க ஆசைப்பட்ட நெடுந்தீவுக்கோ காலையிலேயே பண்ணை, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும். கடலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒன்பது நாளில் அப்படி ஒரு காலை வாய்க்கவில்லை.

அடுத்த தடவை நல்லூருக்குப் பக்கத்தில் லொட்ஜ். வாடகைச் சைக்கிள், நினைத்த நேரத்தில் வெளிக்கிடலாம். நெடுந்தீவின் குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் பெருக்கமரத்தையும் ஆசைதீரப் பார்த்தேன். ஆனால் படகில் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரருக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்தது. 1985 மே மாதம் இதே கடலில் குமுதினிப் படகில் போனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்ட கதையைச் சித்திதான் பிறகு சொன்னார். லொட்ஜில் அதைச் சொல்ல யாரும் இல்லை.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அறை கிடைப்பது பெரும்பாடு, சித்தி வீடுதான். மற்ற நாட்களில், ஊரைச் சுற்றிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் நான் லொட்ஜ் பக்கம். வயதான ஆட்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அறை எடுப்பது வீண்.

சரி, லொட்ஜுக்கும் ஒரு விலை உண்டு. "வீடிருக்க லொட்ஜிலயோ நிக்கிறது?" என்று கேட்ட சித்தி மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் இரவு சித்தி வீட்டுத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, புட்டும் கணவாய்க் கறியும் அடங்கிய பார்சலை லொட்ஜ் வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.