கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று சொல்லி 1,480 டாலரைச் சுருட்டிவிட்டார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி அந்த ஏஜென்சியிடமிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான், ஒரே வரி. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து அங்கே இங்கே இழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று தயாராகிக்கொண்டிருப்பவர்கள் எதைச் சரிபார்க்க வேண்டும், எதற்குப் பணம் கட்டக் கூடாது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போனது 1,480 டாலர்.

ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. ஆபீஸ் என்று எதுவும் இல்லாமல் இணையத்தில் மட்டும் நடத்துகிற ரகம். டெஃப்ல் கோர்ஸ் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி), வேலை, விசா உதவி, அந்த நாட்டுப் பழக்கவழக்கப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். இப்படி ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், விளம்பரப் படம்கூட எல்லோருக்கும் ஒன்றேதான்: வெள்ளைப் பலகை, கை தூக்கும் குழந்தைகள், பல் தெரியச் சிரிக்கும் ஆசிரியை.

நம்பிக்கை வந்தது ஒரு வீடியோ காலில். கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் பேசினார். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா, பெரியவர்களுக்கா என்று கேட்டார். குளிர் தாங்குவீர்களா, வீட்டில் சம்மதித்துவிட்டார்களா என்று அக்கறையாக விசாரித்தார். அப்புறம் ஸ்க்ரீன் ஷேர் செய்து என் பெயரில் ஒரு ஃபைல் திறந்து, நான் அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகலை என் கண்முன்னாலேயே பெரிதாக்கிக் காட்டி, "பாஸ்போர்ட் பக்காவா இருக்கு மேடம், ஒரு பிரச்சினையும் இல்லை, இனி உங்க ஃபைல் என் பொறுப்பு" என்றார். இந்தப் பாஸ்போர்ட் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

அடுத்த வாரமே ஒப்பந்தம் வந்தது. கொரியாவில் ஹாக்வோன் என்று சொல்லும் தனியார் பயிற்சி நிலையங்களின் ஒப்பந்தத்தில் வழக்கமாக என்னவெல்லாம் இருக்குமோ அத்தனையும் அதில் இருந்தது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, தங்க அறை, விமான டிக்கெட், ஒரு வருஷம் முடித்தால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம். கீழே சிவப்பு முத்திரை வேறு. வகுப்பறையின் போட்டோ கூட இணைத்திருந்தார்கள், சின்னச் சின்ன மஞ்சள் நாற்காலிகள் போட்ட அறை. அந்தத் தொழிலை உள்ளும் புறமும் தெரிந்த ஆள்தான் இதைத் தயாரித்திருக்க வேண்டும்.

பணம் மூன்று தவணையாகப் போனது. பதிவுக் கட்டணம், கோர்ஸ் கட்டணம், "ஆவணச் சரிபார்ப்பு" என்று ஒன்று. கார்டில் கட்டினால் முழுத் தொகை, வங்கி மூலம் நேராக அனுப்பினால் பத்து சதவீதம் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி எதற்கு என்று இப்போது விளங்குகிறது. கார்டில் கட்டியிருந்தால் அட்டை கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும், அதை அடைக்கத்தான். தள்ளுபடி போக மொத்தம் 1,480 டாலர்.

கோர்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 120 மணி நேரம் என்று சான்றிதழில் அச்சடித்திருக்கிறது. நடந்தது என்னவென்றால் பிடிஎஃப் படித்துவிட்டு நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, தப்பானால் மறுபடி அதே கேள்வி. ஒரு மாணவனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் கொடுக்கும் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் சான்றிதழும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான், ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழிலும் அப்படித்தான். அந்த ஆறு மணி நேரம் இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு முப்பது குழந்தைகள் முன்னால் நின்று நான் என்ன செய்வேன்?

பழக்கவழக்கப் பயிற்சி இன்னும் கேவலம். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது என்று இரண்டு உருப்படியான விஷயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் "கொரியாவுக்கு நல்வரவு" என்ற முதல் பக்கத்தில் இருந்த படம் ஜப்பானியக் கோயிலின் சிவப்பு வாசல்! இந்தப் பயிற்சியைத் திறந்து பார்த்ததுதான் பிற்பாடு என் தலையில் விடிந்தது, அதையும் சொல்கிறேன்.

பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் முத்திரை) வாங்கி அனுப்பினேன், அது தனிச் செலவு, 1,480 டாலரில் சேராது. கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசாவுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் அங்கே குடியேற்றத் துறையில் விண்ணப்பித்து ஒரு எண் வாங்கி அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் நாம் தூதரகத்துக்குப் போக முடியும். அந்த எண் வரவே இல்லை. கேட்டால் "ப்ராசஸில் இருக்கு மேடம்". மறுபடி கேட்டால் "அங்கே லீவு சீசன்". கடைசியில் கோஆர்டினேட்டர் கூலாகச் சொல்கிறார், "டூரிஸ்ட் விசாவில் போயிடுங்க, அங்கே போய் மாத்திக்கலாம், நம்ம ஆளுங்க எல்லாம் அப்படித்தான் போறாங்க."

டூரிஸ்ட் விசாவில் போய் வகுப்பெடுப்பது சட்டவிரோதம். மாட்டினால் அபராதம், நாடு கடத்தல், திரும்ப உள்ளே வரத் தடை. அவருக்கென்ன, மாட்டப்போவது நான்தானே!

அன்றைக்கே ஒப்பந்தத்தில் இருந்த பயிற்சி நிலையத்தின் முகவரியைத் தேடி நேராக எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அந்த ஒப்பந்தம் எங்களுடையது அல்ல, முத்திரையும் எங்களுடையது அல்ல, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் இ-2 விசா கேட்கவே முடியாது.

இப்போது பாஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். இ-2 விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியா-கொரியா வணிக ஒப்பந்தத்தின் வழியாக இந்தியர்களுக்கு ஒரு சின்ன வாசல் உண்டு, ஆனால் அது ஆசிரியர் தகுதிச் சான்று வைத்திருப்பவர்களுக்கு. என்னிடம் இருப்பது ஆங்கில இலக்கியப் பட்டம் மட்டும். அதாவது என் பாஸ்போர்ட்டைப் பெரிதாக்கிக் காட்டி "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொன்ன அந்த நிமிஷமே இது நடக்காது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் வீட்டில் சம்மதமா என்று கேட்டார். பணம் போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

பணத்தைத் திரும்பக் கேட்டதும் ஆளே மாறிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. போன் செய்தால் "மேடம் மீட்டிங்கில் இருக்காங்க". அப்புறம் "அவங்க இப்போ இங்கே வேலை பார்க்கலை". யார் பொறுப்பு என்றால் ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள், அதைச் சொல்லிக் கேட்டால் வேறொரு டிக்கெட் நம்பர். கடைசியாக ஒருத்தர் ரீஃபண்ட் விதியை எடுத்து ஒட்டினார்: பழக்கவழக்கப் பயிற்சியைத் திறந்துவிட்டால் "சேவை முழுமையாக வழங்கப்பட்டதாக" அர்த்தமாம். ஜப்பான் வாசலைப் பார்த்ததற்கு 1,480 டாலர்! போலி ஒப்பந்தம் பற்றிக் கேட்டால் அது "மாதிரி ஆவணம்" என்கிறார்கள். மாதிரிக்கு எதற்கய்யா முத்திரை?

இதில் கொடுமை, இன்று காலை அதே ஏஜென்சியிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. வியட்நாம் பேக்கேஜாம், பழைய வாடிக்கையாளருக்குச் சலுகையாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது போலீஸ் புகாருக்கு ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து அடுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக.

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடு ஆசிரியர் விசா தருமா என்று தூதரகத்தின் தளத்தில் நீங்களே பாருங்கள், ஏஜென்சியிடம் கேட்காதீர்கள். வேலை வாங்கித்தர உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கொரியாவில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குப் பள்ளிதான் வழக்கமாகப் பணம் தரும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்படிக்கையிலும் தனியார் முகமைகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் பொது விதி. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அதில் இருக்கும் போன் நம்பரை விட்டுவிட்டு, பள்ளியின் நம்பரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். டூரிஸ்ட் விசா என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சீனா என்றாலும் இதே கதைதான், இசட் விசா என்கிற வேலை விசா இல்லாமல் "முதலில் வாங்க" என்று சொன்னால் போகாதீர்கள். தள்ளுபடி தருகிறோம் வங்கி மூலம் அனுப்புங்கள் என்றால் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் நகல் கொடுப்பதாக இருந்தால் எதற்காக, யாருக்கு என்று அதன்மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள். என்னுடைய நகல் இப்போது யார் யார் கையில் இருக்கிறதோ தெரியவில்லை.