மேனுவலை ரஷ்யனில் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: ஒரு பம்ப்செட்டின் தலை போன கதை

மேனுவல், டேட்டா ஷீட், உதிரிபாகப் பட்டியல் என்று எதையாவது ரஷ்ய மொழியில் மாற்ற ஏஜென்சி தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவைப் பக்கம் பம்ப், மோட்டார், வால்வு செய்து வெளிநாடு அனுப்பும் சின்னக் கம்பெனிக்காரர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஏஜென்சியின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். போட்டாலும் பெரிய பயன் இருக்காது. அவர்கள் செய்த முறை தெரிந்தால், அதே முறையில் வருகிற யாரையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நாங்கள் செய்வது பாசனத்துக்கான சென்ட்ரிஃபியூகல் பம்ப்செட். தெற்கு ரஷ்யாவில், கிராஸ்னதார் பகுதியில் ஒரு இறக்குமதியாளர் ஆர்டர் கொடுத்திருந்தார். ரஷ்யாவில் நெல் முக்கியமாக விளைவது அங்கேதான். பனிக்கரடி ஊரில் நெல்வயலா என்று எங்கள் ஃபிட்டர்கள் இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் ஐந்தும் சேர்ந்த யூரேசியப் பொருளாதார ஒன்றியத்துக்குள் இயந்திரம் விற்க விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் ஈஏசி முத்திரை வேண்டும். அதற்கான 010/2011 என்ற தொழில்நுட்ப விதிமுறை, இயக்கக் கையேடு ரஷ்ய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது மேனுவல் சரியில்லை என்றால் சரக்கு நகராது.

ஏஜென்சி கொடுத்த கொட்டேஷன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாதாரண ரேட் வேறு, டெக்னிக்கல் ரேட் வேறு. டெக்னிக்கல் ரேட் சொல்லுக்கு 6 ரூபாய். அந்த ரேட்டுக்கு ரஷ்யாவில் பிறந்த இயந்திரப் பொறியாளர் ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார் என்று மெயிலிலேயே எழுதிக் கொடுத்தார்கள். மேனுவல் 9,000 சொல். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 63,720 ரூபாய். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும்.

சொன்ன தேதிக்கு முன்பே ஃபைல் வந்துவிட்டது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, அட்டவணைகள் கலையவில்லை. கூடவே வட்ட முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். அதோடு ‘தர அறிக்கை’ என்று இன்னொரு ஃபைல். ரஷ்ய மேனுவலைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி, எங்கள் மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார்கள். ஹெட் என்று நாங்கள் எழுதிய இடத்திலெல்லாம் ஹெட் என்றே திரும்பி வந்திருந்தது. கீ கீயாகவே இருந்தது, ஷாஃப்ட் ஷாஃப்ட்டாகவே இருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

ஏமாற்று இருந்ததே அந்த அறிக்கையில்தான்.

ஆங்கிலத்தில் ஹெட் என்றால் கழுத்துக்கு மேலே இருப்பதும் அதுதான், போல்ட்டின் கொண்டையும் அதுதான், பம்ப் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ளும் என்பதும் அதுதான். நம் கடைகளில் ‘எத்தனை அடி ஹெட்டுங்க?’ என்று கேட்கிறோமே, அந்த ஹெட். ரஷ்யனில் இந்த மூன்றுக்கும் மூன்று சொல். கழுத்துக்கு மேலே இருப்பது கலவா. போல்ட்டின் கொண்டை கலோவ்கா. பம்ப்பின் ஹெட் நப்போர், அதற்கும் தலைக்கும் எந்த உறவும் கிடையாது. பம்ப் அட்டவணையில் ஒரு மெஷின், அதாவது மொழிபெயர்க்கும் மென்பொருள், ‘கலவா’ என்று தப்பாகப் போட்டுவிட்டது என்று வையுங்கள். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினால் என்ன வரும்? ஹெட் என்றுதான் வரும். தப்பு எந்தக் கதவு வழியாக உள்ளே போனதோ அதே கதவு வழியாகத் தடயமில்லாமல் வெளியே வந்துவிடும். பல பொருள் உள்ள சொல்லுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. மொழிபெயர்ப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இறக்குமதியாளரின் பொறியாளர் டெலிகிராமில் அனுப்பிய முதல் செய்தி ஒரு கேள்வி: ‘உங்கள் பம்ப்புக்கு எத்தனை மாடு?’ எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். அட்டவணைத் தலைப்பில் ‘டோட்டல் ஹெட்’ என்பது ‘மொத்தம் தலைகள்’ என்று ஆகியிருந்தது. ரஷ்யர்கள் ஆடுமாடுகளைத் தலைக் கணக்கில்தான் எண்ணுவார்கள். கீழே 45 என்ற எண். 45 மீட்டர் உயரம் தள்ளும் பம்ப், 45 மாடு உள்ள பண்ணையாகிவிட்டது. என்பிஎஸ்ஹெச் என்பது, உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் ஆவிக் குமிழியாகாமல் (அதுதான் கேவிட்டேஷன்) இருக்கத் தேவையான அழுத்த அளவு. அந்த நான்கெழுத்தின் விரிவு, ‘சுத்தமான, நேர்மறையான, உறிஞ்சும் தலை’ என்று போயிருந்தது. ரஷ்யப் பொறியாளர்கள் அதைக் கேவிட்டேஷன் இருப்பு என்ற பொருளில் முற்றிலும் வேறு சொல்லால் சொல்வார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இம்பெல்லரை (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மாட்டும் பக்கம் அப்படியில்லை. ‘ஷாஃப்ட்டில் கீயைப் பொருத்தவும்’ என்பது நம் வரி. ஷாஃப்ட் என்பது சுழலும் தண்டு, கீ என்பது இம்பெல்லர் அதில் வழுக்காமல் பூட்டும் சின்ன உலோகத் துண்டு. ரஷ்யனில் ஷாஃப்ட்டுக்குச் சரியான சொல் வால் (ஆமாம், வால்தான், தலையைக் கொண்டுவந்து போட்டவர்கள் வாலைத் தொலைத்துவிட்டார்கள்). அவர்கள் போட்டது ஷாக்தா, அதாவது சுரங்கக்குழி. கீக்கு ஷ்போன்கா என்று வந்திருக்க வேண்டும். வந்திருந்தது க்ல்யூச். அது வீட்டுச் சாவிக்கும் ஸ்பேனருக்கும் உள்ள சொல். ஆக, அங்கே ஒரு ஃபிட்டர் அந்த வரியைப் படித்தால் ‘சுரங்கத்துக்குள் ஸ்பேனரைச் செருகவும்’ என்று இருக்கும். கிளாண்ட் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம்) என்ற இடத்தில் உடம்பிலுள்ள சுரப்பிக்கான சொல். அந்தச் சொல்லின் எழுத்துகள் ‘இரும்பினுடைய’ என்ற சொல்லின் எழுத்துகளேதான், அழுத்திச் சொல்லும் அசை மட்டும் மாறும். அட்டவணைக் கட்டத்தில் அது தனியாக நின்றால், படிப்பவர் சுரப்பியா இரும்பா என்று யோசிப்பாரே தவிர கிளாண்ட் என்று ஒருநாளும் நினைக்க மாட்டார். கிளாண்டுக்கு ரஷ்யர்கள் சொல்வது சால்னிக்.

எண்களையும் விட்டுவைக்கவில்லை. ரஷ்யாவில் தசமப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். எங்கள் 2,900 ஆர்பிஎம்மை அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே அதைப் படித்தால் நிமிடத்துக்கு மூன்று சுற்றுகூட வராத மோட்டார்.

முழு வாக்கியங்கள் ஓரளவு ஒழுங்காகவே இருந்தன. அட்டவணை, படக்குறிப்பு, உதிரிபாகப் பட்டியல், எச்சரிக்கை வரிகள் போன்ற, சொல் தனித்தோ சுருக்கமாகவோ நிற்கும் இடங்களில்தான் நாசம். மெஷின் வேலைக்கு இது நல்ல அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். சுற்றிலும் பம்ப், தண்ணீர், அழுத்தம் என்று சொற்கள் இருந்தால் அது நப்போர் என்று சரியாகவே பிடித்துவிடுகிறது. கட்டத்துக்குள் தனியாக ஒரு ஹெட் நின்றால் அதற்குக் கழுத்துக்கு மேலே உள்ளதுதான் நினைவுக்கு வருகிறது. பம்ப் தெரிந்த மனிதர் யாரும் ஒரே மேனுவலில் ஒரு பக்கம் நப்போர் என்றும் அடுத்த பக்கம் கலவா என்றும் எழுத மாட்டார்.

புகார் சொன்னோம். ‘மைனர் டெர்மினாலஜி இஷ்யூ சார், நாளைக்கே சரிபண்ணித் தர்றோம்’ என்றார் ஒருங்கிணைப்பாளர். மறுநாளே வந்தது. கலவா என்று இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் தேடி நப்போர் என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். விளைவு, முன்பு ‘போல்ட்டின் தலை’ என்று ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, ‘போல்ட் தண்ணீர் தள்ளும் உயரம்’ என்று ஆனது. ரஷ்யனில் பெயர்ச்சொல் ஆறு வேற்றுமையில் உருமாறும். இவர்கள் ஒரு உருவத்தை மட்டும் மாற்றியதால் மற்ற உருவங்களில் மாடுகள் அப்படியே நின்றன. போதாக்குறைக்குக் கலவா பெண்பால், நப்போர் ஆண்பால். முன்னால் இருந்த பெயரடைகள் பெண்பாலிலேயே நின்றுவிட்டன. ‘ராமன் வந்தாள்’ என்பதுபோல மேனுவல் முழுக்க. முதல் பிரதியே மேல், அதைப் படித்துச் சிரிக்கவாவது முடிந்தது என்று அந்த ரஷ்யப் பொறியாளர் எழுதினார்.

மொழிபெயர்த்தவருடன் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டோம். ரகசிய ஒப்பந்தம், நேர வித்தியாசம், விடுமுறை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். பிறகு போனையே எடுக்கவில்லை.

சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நிறையப் பேர் மயங்குகிறார்கள். ‘இது துல்லியமான மொழிபெயர்ப்பு’ என்று ஏஜென்சி தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் காகிதம் அது. நோட்டரி முத்திரை இருந்தாலும், சாதாரணமாக அது கையெழுத்துக்கான சாட்சியம்தான், உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல. ரஷ்யாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. அந்த மொழி நோட்டரிக்கே தெரிந்திருந்தால்தான் மொழிபெயர்ப்பு சரி என்று சான்றளிப்பார், இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கு மட்டும். இன்னொன்று, ஐஎஸ்ஓ 9001 என்று லெட்டர்ஹெட்டில் இருந்தால் அது பொதுவான தர மேலாண்மைக்கானது. மொழிபெயர்ப்புச் சேவைக்கென்று இருப்பது ஐஎஸ்ஓ 17100. மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஆள், மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அதில் கட்டாயம். எது என்று கேளுங்கள்.

கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தவர், சோவியத் காலத்தில் அங்கே போய் இயந்திரப் பொறியியல் படித்து வந்த ஒரு பெரியவர். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே, ‘தம்பி, டிராயிங் எங்கே?’ என்றார். குறுக்குவெட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகக் கேட்டார். இந்த ‘சீல்’ மெக்கானிக்கல் சீலா, வெறும் ரப்பர் வளையமா? இந்த ‘ஸ்டேஜ்’ எத்தனை இம்பெல்லர் என்பதா, வேலையின் கட்டமா? (இம்பெல்லர் அடுக்கென்றால் ஸ்துபேன், வேலையின் கட்டமென்றால் எதாப், ஏஜென்சி பிரதியில் இருந்தது நாடக மேடைக்கான சொல்.) பம்ப் சொற்களுக்கென்றே 1972லேயே சோவியத் தரநிலை ஒன்று வந்திருக்கிறது, கோஸ்த் 17398. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் முல்த்தித்ரான் என்ற ஆன்லைன் அகராதியில் பார்த்தார். அதில் ஹெட் என்று போட்டால் எண்ணெய்க் கிணறு, கட்டடம், கப்பல் என்று துறைவாரியாகப் பிரித்து நீளமாக வரும். ஏஜென்சி எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்காமல் எப்படி முடியும்? சீல் என்றால் முத்திரையும் உண்டு, கடல்நாயும் உண்டு.

நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், முன்பணத்துக்கு முன் உங்கள் மேனுவலில் திரும்பத் திரும்ப வரும் பாகப் பெயர்களை எடுத்து, டிராயிங்கோடு அனுப்பி, ரஷ்யச் சொற்பட்டியல் மட்டும் முதலில் கேளுங்கள். பம்ப்காரர்கள் ஹெட், ஸ்டேஜ், கீ, ஷாஃப்ட், கிளாண்ட், புஷ், சீல், கேசிங் இத்தனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேசிங் பம்ப்பின் உடலா, போர்வெல் பைப்பா என்று அவர்களே திருப்பிக் கேட்டால் நல்ல சகுனம். வந்த பட்டியலை உங்கள் இறக்குமதியாளரின் பொறியாளருக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், அவருக்கும் அது லாபம்தானே. தர அறிக்கை என்று திருப்பி மொழிபெயர்த்ததை யாராவது நீட்டினால் வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நுகர்வோர் கோர்ட் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. எங்களைப் போன்ற கம்பெனிக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, சிவில் வழக்குதான் மிச்சம் என்றார் வக்கீல். அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: மெஷின் மொழிபெயர்ப்பு கூடாது, சொற்பட்டியலுக்கு நம் ஒப்புதல் வேண்டும், இறக்குமதியாளர் தரப்பில் ஏற்ற பிறகே மீதிப் பணம். எங்கள் ஆர்டரில் இந்த மூன்றும் இல்லை. மெயிலில் அவர்கள் எழுதிய ‘ரஷ்யாவில் பிறந்த பொறியாளர்’ என்ற வரி மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். மீதிப் பாதிப் பணத்தைக் கொடுக்கவில்லை, வட்டியோடு கேட்டு அவர்களும் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள்.