ரப்பர் பாலா, சிலிக்கானா: கடற்காற்று அடிக்கிற ஊரில் மோல்டுக்கு எது சரிப்படும்?

கொலு பொம்மையோ ரெசின் (ஊற்றினால் இறுகுகிற பிளாஸ்டிக் திரவம்) கீ செயினோ மோல்டு, அதாவது அச்சு, போட்டு வீட்டிலேயே வார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது மோல்டு செய்கிற சரக்கு கிலோ என்ன விலை என்றுதான். அதை மட்டும் பார்த்தால் ரப்பர் பால், அதாவது லேடெக்ஸ், ஜெயித்துவிடும். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுகிற டின் க்யூர் சிலிக்கான் நடுவில், பிளாட்டினத்தால் இறுகுகிற பிளாட்டினம் சிலிக்கான் உச்சியில். ஆனால் சென்னையில் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ உட்கார்ந்து மோல்டு போடுகிறவருக்கு விலையைவிட முக்கியம், அதில் எதை ஊற்றப் போகிறோம் என்பதும் வீட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதும்.

முதலில் ரப்பர் பால். கேரளாவிலிருந்து வருகிற சரக்கு, அம்மோனியா கலந்தது, சின்ன வீட்டில் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன நாத்தம் என்று கேட்பார். பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்து, அது காய்ந்ததும் அடுத்தது என்று எட்டு, பத்து கோட் ஏற்ற வேண்டும், நடுவில் பேண்டேஜ் துணியை ஒட்டினால் கிழியாது. தண்ணீர் ஆவியாகித்தான் இது காய வேண்டும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கோட்டுக்கே நாள் முழுக்கக் காத்துக் கிடக்கணும். காய்ந்தபின் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். இன்னொன்று, வீட்டில் இருக்கிற பித்தளைப் பிள்ளையாரை மாஸ்டராக, அதாவது நகலெடுக்கிற மூல உருவமாக, வைத்து அதன்மேல் நேராக அடிக்காதீர்கள். பித்தளையில் இருக்கிற செம்பு பட்டால் ரப்பர் கறுத்துச் சீக்கிரம் கெட்டுப்போகும். இவ்வளவு குறை சொன்னாலும், பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிமெண்டும் வார்க்க இது நல்ல மோல்டுதான், கை உறையைக் கழற்றுவது மாதிரி உரித்து எடுத்துவிடலாம், வெளியே தாங்கிப் பிடிக்க பிஓபியில் ஒரு கூடு மட்டும் செய்துகொள்ளணும். ரெசினுக்கு மட்டும் வேண்டாம்.

டின் க்யூர் சிலிக்கானைத்தான் கடைகளில் ஆர்டிவி (அறை வெப்பத்திலேயே இறுகுகிற ரப்பர்) என்று கேட்டு வாங்குகிறார்கள். வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், நூறு கிராமுக்கு இரண்டிலிருந்து ஐந்து கிராம் வரை ஹார்டனர் (இறுகவைக்கிற திரவம்), எவ்வளவு என்பது சரக்கைப் பொறுத்தது. இது இறுகுவதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், அதனால் ரப்பர் பாலை அழவைக்கிற நம்ம ஊர்க் காற்று இதற்குச் சாதகம். சாதகம் என்றாலும் அளவோடு, ஏனென்றால் ஈரத்தோடு மே மாத வெயிலும் சேர்ந்தால் கலக்கிக்கொண்டிருக்கும்போதே கெட்டியாக ஆரம்பிக்கும். காலையில் சீக்கிரம் ஊற்றுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் மோல்டு மொறமொறத்து ஓரத்தில் கிழியும். சொட்டுக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு போதும். பபுள் எடுக்க வாக்யூம் பம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், முதலில் மாஸ்டர்மேல் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு பூசிவிட்டு, மீதியை மாஸ்டர் வைத்திருக்கிற பெட்டியின் ஒரு மூலையில் உயரத்திலிருந்து நூல் மாதிரி ஊற்றினால் பாதிக்கு மேல் பபுள் வழியிலேயே உடைந்துவிடும். குறை என்றால் ஆயுசுதான். சும்மா அலமாரியில் வைத்திருந்தாலே சில வருஷத்தில் இதன் பலம் போய்விடும், மெல்ல மெல்லச் சுருங்கவும் செய்யும். பொம்மைக்கு அது தெரியாது, இரண்டு பாகம் கச்சிதமாகப் பொருந்த வேண்டிய வேலைக்குத் தெரியும்.

அந்த மாதிரி வேலைக்குத்தான் பிளாட்டினம். சுருக்கம் அநேகமாக இல்லை, பல பிராண்டுகளில் இரண்டு பாகமும் சரிசமமாகக் கலந்தால் போதும், வருஷக்கணக்காக உழைக்கும். ஆனால் கோபக்காரச் சரக்கு. கந்தகம் உள்ள களிமண்ணில் செய்த மாஸ்டர், லேடெக்ஸ் கையுறை, டின் சிலிக்கான் கலக்கிய அதே டப்பா, சரியாகக் கழுவி வெயிலில் காயவைக்காத ரெசின் பிரிண்ட் (3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் உருவம்), இதில் எது பட்டாலும் பட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும், போட்ட காசு அத்தனையும் குப்பை. நைட்ரைல் கையுறை போட்டு, மாஸ்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுவது புத்திசாலித்தனம்.

பாலியூரித்தேன் ரப்பரும் உண்டு, காங்கிரீட் அச்சு போடுகிற பட்டறைக்கு அது ராஜா, உறுதி, சிலிக்கானைவிட மலிவு. வீட்டுக்குச் சொல்லமாட்டேன். ஈரம் பட்டால் நுரைக்கும், ரிலீஸ் ஏஜெண்ட் (ஒட்டாமலிருக்கப் பூசுவது) பூசாவிட்டால் மாஸ்டரோடு ஒட்டிக்கொண்டு வராது.

என் கணக்கு இதுதான். சென்னையில் பொம்மை செய்கிற கொசப்பேட்டைக்காரர்கள் மாதிரி வரிசையாகப் பொம்மை வார்க்கப் போகிறீர்கள், சரக்கு பிஓபி என்றால் டின் சிலிக்கான் தாராளம், பெரிய உருவமாக இருந்தால் கோடையில் ரப்பர் பால். எபாக்ஸி ரெசினில் கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டுமென்றால் பிளாட்டினம், அதுவும் மாஸ்டர் பளபளப்பாக இருந்தால்தான், ஏனென்றால் சிலிக்கான் மேற்பரப்பை அப்படியே பிரதி எடுக்கும், சொரசொரப்பையும் சேர்த்து. ஃபைபர்கிளாஸ் கடையில் கிடைக்கிற பாலியெஸ்டர் ரெசின் எந்த சிலிக்கானையும் சீக்கிரம் தின்றுவிடும், அதற்குப் போய் விலை உயர்ந்த மோல்டு போடாதீர்கள்.

அப்புறம், பாரிமுனைப் பக்கம் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கிற கடையில் வாங்கினால் ஹார்டனர் அதே பிராண்டுக்கு உரியதா, பாட்டில் இறுக்கமாக மூடியிருந்ததா என்று கேட்டு வாங்குங்கள், முதல் நாளே ஐம்பது கிராம் கலக்கி ஒரு பழைய மூடியில் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையில் சுத்தமாக உரிந்து வந்தால் மாஸ்டரைப் பெட்டிக்குள் வைக்கலாம்.