வட்டம் போடுவதா, தக்காளி லாரியின் பின்னால் போவதா?

சென்னையின் சாப்பாட்டைப் புவியியல் ஆய்வுக்கு எடுப்பவர் முன்னால் இரண்டு வழிகள் நிற்கும். ஊரை நடுவில் வைத்து, எது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று வட்டம் போடலாம். இல்லையென்றால், ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது விளைந்த நிலம் வரை போகலாம்.

வட்டத்துக்கு வயது அதிகம். 1826இல் ஜெர்மனிக்காரரான வான் தூனன் போட்ட கணக்கு அது: சீக்கிரம் கெடும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி, தானியம் அதற்கு அப்பால், மேய்ச்சல் கடைசியில். நாசிக் வெங்காயம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருவது இதற்குப் பொருந்துகிறது, மூட்டையில் கிடந்தாலும் தாங்கும். கீரையும் பொருந்துகிறது, திருவள்ளூர் பக்கத்திலிருந்தே கட்டுக்கட்டாக வந்துவிடும். தக்காளியிடம்தான் கணக்கு உதைக்கிறது. சட்டென்று அழுகும் சரக்கு, ஆனால் ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகாவின் கோலார் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிறது. அந்த மேட்டு நிலத்தின் தட்பவெப்பம் அதற்குப் பிடிக்கிறது. சாயங்காலம் ஏற்றினால் விடிவதற்குள் கோயம்பேடு சந்தை. ஆக, இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட ஒரு ராத்திரிப் பயணம் என்று அளப்பதே சரி.

லாரியின் பின்னால் போனால் இதெல்லாம் தானாகவே தெரியவரும். பெட்டிக் கணக்கில் மண்டிக்கு வருவது தள்ளுவண்டியில் கிலோ கணக்காக மாறுவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்றும் எண்ணலாம். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது வட்டப் படத்தில் ஒரு கோடுகூட நகர்ந்திருக்காது. விளையும் ஊர் அதேதான், சாப்பிடும் ஊரும் அதேதான். ஆனால் வடபழனியில் வண்டி தள்ளுபவருக்குச் சந்தை பூந்தமல்லி தாண்டிப் போய்விட்டது. 1996இல் வடசென்னையின் கொத்தவால்சாவடியிலிருந்து சந்தை கோயம்பேட்டுக்கு வந்தபோதும் இதே கதை, வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பொருளையே துரத்தினால் ரேஷன் அரிசி கண்ணில் படாது. தக்காளியே வாங்காத வீடும் படாது. அதற்கு ஒரு தெருவிலேயே உட்கார வேண்டும், அது மூன்றாவது வழி, வேறு பொறுமை.

கையில் ஒரு செமஸ்டர்தான் என்றால் நான் தக்காளிக்கே ஓட்டுப் போடுவேன். கீரையோ பாலோ எடுப்பவர்கள் வட்டத்தோடு தொடங்கலாம். எதுவானாலும் ஏலம் சூடாக நடக்கும்போது நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். கமிஷன்காரர்கள் முறைப்பார்கள். லோடு இறக்கி முடித்தவர்களை டீக்கடையில் பிடியுங்கள், வழியில் எங்கே நின்றார்கள் என்பது வரை சொல்வார்கள்.